தலைப்பெழுத்தின் கம்பீரம்

அச்செழுத்தின் சரித்திரம் – 9

நூலின் உட்பக்கங்களில் அடக்கமாக நின்று, தன்னை மறைத்துக்கொண்டு பொருளை மட்டும் வாசகர் மனத்தில் சேர்ப்பிக்கும் சிற்றெழுத்தைப் பற்றிச் சென்ற வாரம் பேசினோம். அதற்கு நேர்மாறான ஸ்வபாவம் உடையதாய், தூரத்தில் போகிறவரையும் நிறுத்திப் படிக்க வைப்பதையே தன் தருமமாகக் கொண்ட தடித்த தலைப்பெழுத்தைப் பற்றி இந்த வாரம் சிந்திக்கலாம். சுந்தரபாண்டியத்தில் புறப்பட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர் வழியாக இராஜபாளையம் செல்பவர் வழிநெடுகக் காண்பது இந்த எழுத்தின் ராஜ்யத்தைத்தான். பால்கோவாக் கடைப் பலகையிலும், ஆண்டாள் கோயில் ஆடிப்பூரத் தேரோட்டச் சுவரொட்டியிலும், கல்யாண மண்டப வாசலிலும் நம்மை முதலில் அழைப்பது அதுவே.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியில் போதோனியும் பிரான்சில் தீதோ குடும்பத்தாரும், செங்குத்துக் கோடுகளைத் தடிப்பாகவும் குறுக்குக் கோடுகளை மயிரிழையாகவும் அமைத்து, கோட்டின் முனைகளில் செரிஃப் எனப்படும் மெல்லிய பாதங்களைச் சேர்த்து, ரோமன் எழுத்துக்கு ஒரு புதிய சௌந்தரியத்தை அளித்தார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில், லாட்டரிச் சீட்டுக்கும் நாடகத்துக்கும் வியாபாரச் சரக்குக்கும் விளம்பரம் பெருகியபோது, லண்டன் எழுத்து வார்ப்பகங்கள் அந்தத் தடிப்பை மேலும் மேலும் பெருக்கிச் சுவருக்கென்றே தனி எழுத்துகளை வார்த்தன. அச்செழுத்தின் அளவைப் பாயிண்டில் சொல்வார்கள்; 72 பாயிண்ட் என்பது ஏறக்குறைய ஓர் அங்குலம். அதற்கு மேல் போனால் ஈய எழுத்து தாங்க முடியாத பாரமும் விலையும் ஆகிவிடும் என்பதால், 1827இல் நியூயார்க்கின் டேரியஸ் வெல்ஸ் மரக்கட்டையில் இயந்திரத்தால் எழுத்துக் கடையும் முறையைக் கண்டார். 1922இல் சிகாகோவின் ஆஸ்வால்டு கூப்பர், பாதங்களை மழுங்க உருட்டி வரைந்த ‘கூப்பர் பிளாக்’, இன்றுவரை உலகெங்கும் விளம்பரங்களில் வாழ்கிறது.

தமிழின் கதை வேறு. ரோமன் எழுத்தின் தடிப்பும் மென்மையும் பட்டை முனைப் பேனாவிலிருந்து பிறந்தவை. நம் எழுத்தோ பனையோலையில் எழுத்தாணி கீறிய ஒரே சீரான கோட்டில் வளர்ந்தது. ஓலை கிழியுமே என்று புள்ளியைக்கூடப் பல சமயம் விட்டுவிட்ட எழுத்து அது. 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சான பின்னும், 1713இல் ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து தரங்கம்பாடிக்கு எழுத்துகள் வந்த பின்னும், பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் ஹண்ட் என்பவர் தமிழ் எழுத்துகளைச் சீர்திருத்தி வார்த்த பின்னும், அச்செழுத்தில் தடிப்பு எங்கே இருக்கவேண்டும் என்பதை ஓலைச் சம்பிரதாயம் சொல்லித்தரவில்லை. எழுத்து வெட்டிய கைகளே அதைத் தீர்மானிக்கவேண்டியிருந்தது.

ஆகவேதான் தமிழில் எழுத்தைத் தடிப்பாக்குவது சுலபமான காரியம் அன்று. மூன்று சுழி ‘ண’வையும் இரண்டு சுழி ‘ன’வையும் வெறுமனே பருக்க வைத்தால், சுழிகளின் உள்வெளி அடைபட்டு, பத்தடி தூரத்தில் ‘பணி’யும் ‘பனி’யும் ஒன்றாகிவிடும். ‘இ’யும் ‘ஞ’வும் கரிய கட்டிகளாகும், மெய்யின் புள்ளி, உடல் பருத்த எழுத்தின் தலையில் காணாமல் போகும். நல்ல கலைஞர் செங்குத்துக் கோடுகளுக்குத் தடிப்பைக் கொடுத்து, சுழி வளையும் இடத்தில் கோட்டை மெலிவித்து, எழுத்தை அகலப்படுத்தி, உள்வெளிக்கு மூச்சு விட இடம் வைத்து, புள்ளியையும் அதே விகிதத்தில் வளர்க்கிறார். ரோமன் பாதங்களைக் கழற்றி ‘ர’வின் காலிலும் ‘க’வின் முனையிலும் ஒட்டவைப்பது அலங்காரம் ஆகாது. தமிழ் எழுத்தின் கம்பீரம் அதன் வளைவில் இருக்கிறது என்பதே என் திடமான அபிப்பிராயம்.

இந்தக் கலைக்கு நம் பக்கத்தில் ஒரு பெரிய பயிற்சிக்கூடமே உண்டு. 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. லேபிளுக்காக அச்சுத்தொழில் வேரூன்றியது. கட்டைவிரல் அகலத் தாளில் சித்திரமும் பெயரும் ஒருங்கே பளிச்சிடவேண்டிய அந்த நிர்ப்பந்தம், எழுத்தைச் சித்திரம் போலவே கையால் வரையும் ஓவியர்களை உண்டாக்கிற்று. வார்ப்பெழுத்தின் பெட்டிக்குக் கட்டுப்படாத அவர்கள் கை, லேபிளிலிருந்து காலண்டருக்கும் காலண்டரிலிருந்து சுவரொட்டிக்கும் தடித்த எழுத்தைக் கொண்டுசென்றது.

இன்று கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினால் எந்த எழுத்தும் பருத்துவிடுகிறது. ஆனால் அது கோட்டின் ஓரத்தை வீங்கச் செய்கிறதே தவிர, வடிவத்தைத் திரும்ப யோசிப்பதில்லை. தடித்த எழுத்து தலைப்புக்கும், கடைப் பெயருக்கும், நூலின் முகப்புக்கும், ஒரு வரி அறிவிப்புக்கும் உரியது. பத்தி முழுவதையும் அதில் அடித்தால் கண் களைக்கும். அழைப்பிதழில் எல்லாப் பெயர்களையும் அதிலே போட்டால் எந்தப் பெயரும் எடுபடாது. வலிமை உள்ளவன் அளவாகப் பேசினால்தான் சபையில் மதிப்பு.

ஆகையால், அச்சக நண்பர்களையும் எழுத்து வரையக் கற்கும் இளைஞர்களையும் விநயமாகக் கேட்டுக்கொள்கிறேன்: தடித்த எழுத்தில் ஒரு பெயரை அமைத்த பிறகு, அதைச் சுவரில் ஒட்டி, தெருவின் எதிர்ப்புறம் போய் நின்று படித்துப் பாருங்கள். மூன்று சுழியும் இரண்டு சுழியும் தனித்தனியே தெரிந்தால் மட்டும் அச்சுக்கு அனுப்புங்கள். தெரியாவிட்டால் மீண்டும் வரையுங்கள்.