எங்கே உலோகம் வேண்டாம்?

டிப்பர் லாரியின் பின்சக்கரங்களுக்கு நடுவே குனிந்து பார்த்தால் முதலில் கண்ணில் படுபவை கமான் பட்டைகள். அடுக்கடுக்காக, கிரீஸும் புழுதியும் அப்பிக் கிடக்கும். பாரம் தாங்குவது இதுதான் என்று பார்த்ததுமே தெரிந்துவிடும். அவற்றுக்கு மேலும் கீழுமாக, சேஸுக்கும் ஆக்ஸிலுக்கும் இடையே ஓடும் முழங்கை நீளக் கம்பிகளை யாரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. இரு முனையிலும் ஒரு வளையம், வளையத்துக்குள் ரப்பர் புஷ், அவ்வளவுதான். பட்டறைகளில் இதை டார்க் ராட் என்பார்கள். இரண்டு கம்பிகள் ஒரு முனையில் சேர்ந்து விரிந்திருந்தால் வி-ராட். பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் அடியில் ‘டொக்’ என்று சத்தம் வந்தால், டிரைவர் இறங்கிப் பார்க்காமலே சொல்லிவிடுவார், டார்க் ராட் புஷ் போய்விட்டது என்று.

இந்தக் கம்பிகள் லோடைச் சுமப்பதில்லை. ஆக்ஸில் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நகராமல், உருளாமல், மேலும் கீழும் மட்டும் ஆடும்படி பிடித்துவைப்பதுதான் இவற்றின் வேலை. லேசான வேலை போலத் தோன்றும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆக்ஸில் மேல் 11.5 டன் பாரம். காய்ந்த சாலையில் டிரைவர் முழு பிரேக் போடுகிறார். டயரைச் சாலை பின்னோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 7 டன். கீழ்க் கம்பிகள் தரையிலிருந்து 35 சென்டிமீட்டர் உயரத்திலும், மேல் கம்பி அதற்கு 40 சென்டிமீட்டர் மேலேயும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நொடியில் கீழ்க் கம்பிகள் சேர்ந்து சுமார் 13 டன் விசையைத் தாங்குகின்றன. மேல் கம்பி எதிர்த்திசையில் 6 டன்னைத் தாங்குகிறது. ஆக்ஸில் சுமக்கும் பாரத்தைவிடக் கீழ்க் கம்பிகளின் பாடு அதிகம்!

விசையைத் தாங்கினால் மட்டும் போதாது, இளகவும் கூடாது. ஒரு மீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு கீழ்க் கம்பிகளில் ஒன்று மற்றதைவிட 5 மில்லிமீட்டர் கூடுதலாக இளகியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆக்ஸில் அந்த அளவுக்குக் கோணலாகிவிடும். அப்படியே ஓடினால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் டயர் ஏறக்குறைய 5 மீட்டர் பக்கவாட்டில் தேய்த்து இழுக்கப்படும். புது டயர் சில மாதங்களில் ஒருபக்கம் மட்டும் மொட்டையாவதற்கு இந்த 5 மில்லிமீட்டர் போதும்.

மலைப்பாதையில் இன்னும் மோசம். சத்தியமங்கலத்திலிருந்து மைசூர் போகும் திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவுகள். பின்னால் இரண்டு ஆக்ஸில் உள்ள லாரி அங்கே திரும்பும்போது, இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருப்பதால் இரண்டு ஆக்ஸில்களாலும் ஒரே வட்டத்தில் ஒழுங்காக உருள முடியாது. ஒன்று உள்ளே இழுக்க, மற்றது வெளியே தள்ள, டயர்கள் முனகிக்கொண்டே தேயும். அந்தப் பக்கவாட்டு விசை முழுவதும் வி-ராடின் தலையில் வந்து விழும்.

இவ்வளவு பாடுபடும் உறுப்பைக் கனமாகச் செய்துவிட்டால் என்ன? காலங்காலமாக அப்படித்தான் செய்தார்கள். ஆனால் லாரித் தொழிலில் எடைக்கு நேரடி விலை உண்டு. சட்டம் வரையறுப்பது வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடையை. 2018 ஜூலையில் மத்திய அரசு நான்கு டயர் ஆக்ஸிலின் வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாகவும், இரண்டு ஆக்ஸில் லாரியின் மொத்த எடையை 16.2 டன்னிலிருந்து 18.5 டன்னாகவும் உயர்த்தியது. வரம்பு எங்கே இருந்தாலும் சரி, வண்டியில் ஒரு கிலோ குறைந்தால் லோடில் ஒரு கிலோ கூடும். ஆண்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் ஓடி, அதில் பாதி தூரம் லோடுடன் போகும் வண்டியில் 100 கிலோ குறைத்தால், ஆண்டுக்கு 5,000 டன்-கிலோமீட்டர் சரக்கு கூடுதலாகக் கிடைக்கிறது. நாமக்கல்லில் இருந்து ஓடும் கேஸ் டேங்கர்கள் போல ஒருவழி லோடு, மறுவழி காலி என்று ஓடும் வண்டிகளுக்கு, காலியாகத் திரும்பும்போதும் வீண் எடையை டீசல் செலவழித்து இழுக்க வேண்டாம் என்பது இன்னொரு லாபம்.

ஆக, லேசாகவும் இருக்க வேண்டும், இளகவும் கூடாது. இந்த இடத்தில் பெரும்பாலானோர் முதலில் கேட்பது: இன்னும் நல்ல ஸ்டீல் போட்டால் என்ன?

போடலாம். உடைவது தள்ளிப்போகும். வளைவது ஒரு மயிரிழைகூடக் குறையாது. பொறியியல் மாணவர்கள்கூட இதை நம்பச் சற்று நேரம் பிடிக்கும். சாதாரண ஸ்டீலும், அதைவிட மூன்று மடங்கு வலிமையான உயர்ரக ஸ்டீலும் ஒரே விசைக்கு ஒரே அளவுதான் வளையும். உலோகத்தின் விறைப்பைக் குறிக்கும் யங் குணகம் இரண்டுக்கும் ஏறக்குறைய 210 கிகாபாஸ்கல்தான். உயர்ரக ஸ்டீலை நம்பித் தடிமனைக் குறைத்தால், ஆர்ம் (இந்தக் கம்பிகளைப் போன்ற இணைப்பு உறுப்பு) உடையாமல் இருக்கலாம். ஆனால் முன்பைவிட அதிகமாக இளகும். அலுமினியம்? எடை ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் மூன்றில் ஒரு பங்கு, 70 கிகாபாஸ்கல். நேராக இழுத்துத் தள்ளும் ஒரு கம்பிக்கு ஒரே விறைப்பு வேண்டுமானால், அலுமினியத்தில் செய்தாலும் ஸ்டீலில் செய்தாலும் எடை கிட்டத்தட்ட ஒன்றாகத்தான் வரும்.

மிச்சம் இருப்பது வடிவம். என் பார்வையில் இந்தத் துறையின் உண்மையான வித்தை முழுவதும் அங்கேதான் இருக்கிறது. எந்த உலோகத்தைத் தேர்ந்தெடுப்பது என்ற கேள்விக்கு முன்னால், எங்கே உலோகம் வேண்டாம் என்ற கேள்விக்கு விடை கண்டாக வேண்டும்.

50 மில்லிமீட்டர் விட்டமுள்ள கெட்டியான ஸ்டீல் கம்பி ஒன்று. அதை எடுத்துவிட்டு, 70 மில்லிமீட்டர் விட்டமும் 6 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள ஸ்டீல் குழாயைப் போடுங்கள். எடை 39 விழுக்காடு குறைகிறது. தள்ளும் விசையில் நடுவில் புடைத்து மடங்காமல் நிற்கும் திறனோ இரண்டு மடங்காகிறது. நடுமையத்தை ஒட்டிய உலோகம் வளைவைத் தடுப்பதில் கிட்டத்தட்ட எதுவுமே செய்வதில்லை. அதை வெளிவிளிம்புக்குத் தள்ளினால் உயிர் வருகிறது. எலும்புகளும் நாணல்களும் உள்ளீடற்று இருப்பதன் பலனைக் கலிலியோ 1638-இல் வெளியான தன் நூலிலேயே விளக்கியிருக்கிறார்.

முறுக்குக்கு இன்னும் வியப்பான கணக்கு ஒன்று உண்டு. ஜவுளிக்கடையில் துணி சுற்றிவரும் அட்டைக் குழாயைக் கையில் எடுத்து முறுக்கிப் பாருங்கள், அசையாது. பிளேடால் நீளவாக்கில் ஒரே ஒரு கீறல் போட்டுவிட்டு முறுக்கினால் துவண்டுவிடும். அட்டை ஒரு துளிகூடக் குறையவில்லை, எடை அதே எடை. ஆரம் தடிமனைப் போல் பத்து மடங்கு உள்ள ஸ்டீல் குழாயில், அந்த ஒரு பிளவு முறுக்கு விறைப்பை ஏறக்குறைய 300-இல் ஒரு பங்காகக் குறைத்துவிடும். ஆர்மின் குறுக்குவெட்டு மூடிய பெட்டியா, திறந்த ‘சி’ வடிவமா என்ற முடிவு இவ்வளவு பெரியது.

இதை நேர்த்தியாகப் பயன்படுத்திய உறுப்பு ஒன்று ஐரோப்பிய லாரிகளில் உண்டு. ஜெர்மனியின் இசட்எஃப் நிறுவனம் செய்யும் நான்கு-புள்ளி இணைப்பு. ‘எக்ஸ்’ வடிவில், இரண்டு முனைகள் சேஸிலும் இரண்டு முனைகள் ஆக்ஸிலிலும் பொருந்தும். வி-ராட் செய்யும் வேலையையும், வளைவில் வண்டி சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பாரின் வேலையையும் இது ஒன்றே செய்கிறது. வண்டி சாயும்போது அந்த எக்ஸ் முறுகுகிறது. எவ்வளவு முறுக வேண்டும் என்பதும் வடிவமைப்பாளரின் கணக்கில் அடக்கம். ஒரு திசையில் அசையவே கூடாது, இன்னொரு திசையில் சொன்ன அளவு அசைய வேண்டும். இரண்டு உறுப்புகளும் அவற்றின் பிராக்கெட்டுகளும் ஒன்றாகிவிடுவதால் எடை குறைகிறது. எடையைக் குறைக்கும் வழிகளில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஓர் உறுப்பைச் சுரண்டிச் சுரண்டி மெலியவைப்பதைவிட, ஓர் உறுப்பையே இல்லாமல் ஆக்கிவிடுவது.

மறுபக்கம், எடையைக் கூட்டும் பெரிய எதிரி இடநெருக்கடி. லாரியின் அடியில் புரொப்பெல்லர் ஷாஃப்ட், பிரேக் சேம்பர், காற்றுக் குழாய்கள் என்று எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கும். நேராகப் போக வேண்டிய ஆர்ம் எதையாவது சுற்றி வளைந்து போக நேரும். மேலே சொன்ன 50 மில்லிமீட்டர் கம்பியில் 6 டன் விசை நேராகப் பாய்ந்தால், ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 3 கிலோ அழுத்தம்தான். அதே கம்பியின் நடுப்பகுதி நேர்கோட்டைவிட்டு 50 மில்லிமீட்டர் மட்டும் விலகினால், வளைவின் ஓரத்தில் அழுத்தம் ஒன்பது மடங்காகி 27 கிலோவுக்கு ஏறும். சாதாரண ஸ்டீல் 25 கிலோவிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கிவிடும். எனவே லேசான ஆர்ம் வேண்டுமென்றால், காற்றுக் குழாய்க்கும் பிரேக் சேம்பருக்கும் இடம் ஒதுக்குகிற முதல் நாள் கூட்டத்திலேயே ஆர்மை வடிவமைப்பவரும் உட்கார்ந்திருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் மிச்சமிருக்கும் சந்துக்குள் ஆர்மை நுழைக்கச் சொன்னால், எந்த மென்பொருளும் அந்த எடையைத் திருப்பித் தராது.

விசை நேராகப் பாய்ந்தால் லேசு, வளைத்தால் கனம் என்பதற்கு முன்சக்கரங்களின் கதை நல்ல சான்று. லாரியின் முன் ஆக்ஸில் பல தலைமுறைகளாக ஒரே நீள ‘ஐ’ வடிவ உத்திரம்தான்; அடித்து உருவாக்கிய முரட்டு ஸ்டீல். கார்களில் சர்வசாதாரணமாகிவிட்ட, இரண்டு சக்கரமும் தனித்தனியே ஆடும் அமைப்பை வோல்வோ 2012-இல் தன் எஃப்எச் லாரியில் அறிமுகப்படுத்தியது. அமெரிக்க மரீன் படையின் எம்டிவிஆர் லாரியில் ஓஷ்கோஷ் நிறுவனம் முன்பே இதைச் செய்திருந்தது; அதில் சக்கரம் 40 சென்டிமீட்டர் வரை மேலும் கீழும் போய்வரும். இந்த அமைப்பில் ஆர்ம்கள் முக்கோணமாக, இரண்டு கால்களுடன் இருப்பதற்குக் காரணம் உண்டு. சக்கரம் பள்ளத்தில் மோதும்போது வரும் முன்பின் விசை, ஒரு காலில் இழுவிசையாகவும் மறு காலில் தள்ளுவிசையாகவும் பிரிந்துவிடும். வளைவு விசை மிகக் குறையும். ஆனால் ஸ்பிரிங்கை ஆர்மின் நடுவில் உட்காரவைத்தால், ஆர்ம் மறுபடி உத்திரமாகிவிடும், கனமும் திரும்பி வந்துவிடும்.

எங்கே உலோகம் வேண்டாம் என்பதை இன்று கணினி சொல்கிறது. இதற்கு வேர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறது. மெல்போர்னைச் சேர்ந்த ஏ.ஜி.எம். மிச்செல், கொடுத்த விசையை மிகக் குறைந்த உலோகத்தால் தாங்கும் சட்டகம் எப்படி இருக்கும் என்று 1904-இல் காகிதத்தில் கணக்கிட்டார். 1988-இல் மார்ட்டின் பென்ட்ஸோவும் நொபோரு கிக்குச்சியும் அதைக் கணினிக்கு ஏற்ற முறையாக்கினார்கள். கிடைக்கும் இடம் முழுவதையும் உலோகத்தால் நிரப்பி, விசை பாயாத இடங்களை ஒவ்வொரு சுற்றிலும் அழித்துக்கொண்டே போனால், கடைசியில் மரக்கிளைகள் பின்னியது போன்ற ஓர் உருவம் மிஞ்சும்.

அதை அப்படியே வார்க்க முடியாது. எஸ்.ஜி. அயர்ன் என்ற வார்ப்பிரும்பில் வார்ப்பதென்றால் மோல்டிலிருந்து பேட்டர்ன் உருவி வரச் சரிவு வேண்டும். உள்ளே பெட்டிபோல் வெற்றிடம் வேண்டுமானால் மணல் கோர் வைக்க வேண்டும். உருகிய இரும்பு பாயும்போது அந்தக் கோர் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் போதும், 6 மில்லிமீட்டர் சுவர் ஒருபக்கம் 5, மறுபக்கம் 7 ஆகிவிடும். கணினித் திரையில் அழகாக இருந்த ஆர்ம் 5 மில்லிமீட்டர் பக்கத்தில் கீறல் விடும். கோயம்புத்தூர் வார்ப்பட ஆலையில் கோர் பெட்டி செய்பவரோடு உட்கார்ந்து பேசாத வடிவமைப்பு பாதி வடிவமைப்புதான்.

இன்னொன்று, கணினிக்கு நாம் சொன்ன விசைகள் மட்டுமே தெரியும். பஞ்சர் போடுபவர் அவசரத்தில் ஜாக்கியை ஆர்மின் வயிற்றில் கொடுப்பார். சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கச் சங்கிலியை அதில்தான் மாட்டுவார்கள். இந்த விசைகளைக் கணக்கில் சேர்க்காமல் உலோகத்தை அழித்துவிட்டால், அது இல்லாத குறை சாலையில்தான் தெரியவரும். அதனால்தான் நல்ல நிறுவனங்கள் ஆர்மில் விகார அளவி (ஸ்ட்ரெயின் கேஜ்) ஒட்டி, லோடு ஏற்றி, உண்மையான சாலைகளில் ஓட்டிப் பதிவெடுக்கின்றன. பிறகு அந்தப் பதிவை ஆய்வுக்கூட மேடையில் இராப்பகலாகத் திரும்பத் திரும்ப ஓட்டி, ஆர்ம் எங்கே கீறுகிறது என்று பார்க்கின்றன.

அந்தச் சோதனையில் ஒன்று மிகத் தெளிவாகத் தெரியும். முனையிலுள்ள ரப்பர் புஷ், அது பிடித்திருக்கும் ஸ்டீல் கம்பியைவிடப் பல மடங்கு மென்மையானது. பிராக்கெட்டும் சேஸும்கூட இளகும். ஆர்மை மட்டும் இன்னும் 20 விழுக்காடு விறைப்பாக்கினாலும், மொத்தத்தில் பலன் மிகச் சொற்பம். அந்த உலோகத்தை எடுத்து பிராக்கெட்டைச் சேஸோடு சேர்க்கும் இடத்தில் போட்டால், அதே எடைக்குப் பலன் தெரியும்.

உடைவதைப் பற்றி. ஒரே அடியில் உடையும் ஆர்ம்கள் அபூர்வம். பெரும்பாலானவை களைத்து உடைகின்றன. 1842 மே மாதம் வெர்சாய் திருவிழாவிலிருந்து பாரிஸ் திரும்பிய ரயிலில் எஞ்சின் ஆக்ஸில் இப்படி முறிந்து, பலர் தீயில் மாண்டார்கள். பின்னர் பிரஷ்யாவில் ஆகுஸ்ட் வோலர் ரயில் அச்சுகளை ஆண்டுக்கணக்கில் சோதித்து, ஒருமுறை தாங்கும் விசையைவிட மிகக் குறைந்த விசையே திரும்பத் திரும்ப வந்தால் முறிக்கும் என்று காட்டினார். வெல்டு செய்த ஆர்மில் விதி இன்னும் கடுமை. அழுத்தம் 25 விழுக்காடு கூடினால் வெல்டின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகிவிடும். உயர்ரக ஸ்டீல் போட்டாலும் வெல்டின் களைப்பு ஆயுள் கூடுவதில்லை. ஓவர்லோடு ஏற்றும்போது போன மாதம் தாங்கியதே என்று சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தால் கீறல் தன்னைக் காட்டிக்கொடுக்கும். வெல்டின் ஓரத்திலோ, கம்பி வளையத்தோடு சேரும் கழுத்திலோ, பெயின்ட் வெடித்து நூல் போல ஒரு துருக் கோடு. கண்டதும் ராடை மாற்றிவிட வேண்டும். வழியோரப் பட்டறையில் அதன் மேல் வெல்டு வைத்து ஓட்டுவது நம் நெடுஞ்சாலைகளில் பரவலாக நடக்கிறது. எனக்குப் பெரிய அச்சம் தருவது இதுதான். அடித்து உருவாக்கிப் பதம் ஏற்றிய ஸ்டீல், வெல்டின் சூட்டில் அந்தப் பதத்தை இழந்துவிடும். மேலே புதுப் பெயின்ட் அடித்துவிட்டால், பழைய இடத்துக்குச் சில மில்லிமீட்டர் தள்ளித் தொடங்கும் அடுத்த கீறல் நெடுநாள் கண்ணுக்குத் தெரியாது.