பங்கிட முடியாத வயல்

இரணை என்றால் இரட்டை. இரு மடுக்கள் அருகருகே கிடந்தமையால் இரணைமடு என்னும் பெயர் வந்ததென்பர். கனகராயன் ஆற்றை மறித்து அங்கே குளம் கட்டும் வேலை 1902ஆம் ஆண்டில் தொடங்கியது. 1905இல் யாழ்ப்பாணம் வரை புகைவண்டி ஓடிற்று. குளத்து வேலை முடியவோ இருபதுகள் பிறந்துவிட்டன. நீர் வந்தது, ஆள் வரவில்லை. காட்டுக்கு அஞ்சாதவரும் மலேரியாக் காய்ச்சலுக்கு அஞ்சினர்.

குடாநாட்டிலோ நிலைமை நேர்மாறு. பிள்ளைகளுக்குப் பங்கிட்டும், பெண்களுக்குச் சீதனம் எழுதியும் வந்த காணி, தலைமுறைக்குத் தலைமுறை பரப்புக் கணக்கிலிருந்து குழிக் கணக்குக்கு இறங்கியது. இந்நெருக்கடியையும் வேலையின்மையையும் தணிக்கவே 1936இல் கிளிநொச்சியில் குடியேற்றம் தொடங்கியது.

அதற்கு முந்தைய ஆண்டிலேதான் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் பிறந்திருந்தது. காணிக் கச்சேரி கூடும். விண்ணப்பித்தவரை அதிகாரிகள் விசாரித்துத் தெரிவர். தெரிவானவர் கையில் கிடைப்பது உறுதியன்று, ‘பெர்மிற்’ மட்டுமே. காட்டை வெட்டித் திருத்த வேண்டும். அனுமதியின்றி விற்கவோ ஈடு வைக்கவோ கூடாது. பிள்ளைகளுக்குத் துண்டு துண்டாகப் பிரிக்கவும் கூடாது. பின்னுரித்தாளர் ஒருவரைக் குறித்து வைக்கலாம். குறியாது இறந்தால் மனைவிக்குச் சீவிய உரிமை. அவருக்குப் பின் மூத்த மகனுக்கே காணி. ஆண்மக்கள் இருக்கும்வரை மகளின் முறை வாராது.

காணி சிதறியதால் ஊரை விட்டு வந்தவர்க்குச் சிதறாத காணி கிடைத்தது உண்மை. ஆயின் சீதனத்துக்கு எதை எழுதுவது? இளையவன் எங்கே போவான்? வயலைச் சட்டம் காத்தது. வீட்டுக்குள் எழுந்த மனத்தாங்கலை அது காணவில்லை என்றே நாம் கருதுகிறோம்.

நாற்பதுகளின் பிற்பகுதியில் டி.டி.டி. தெளிப்பால் காய்ச்சல் தணிந்தது. உருத்திரபுரம், வட்டக்கச்சி, இராமநாதபுரம் என ஊர்கள் எழுந்தன. வாய்க்கால் வழியே வீடுகளும், சந்தியில் கடையும், பள்ளியும், கோயிலும் அமைந்தன. யாழ்ப்பாண மாவட்டத்தின் ஒரு பகுதியாயிருந்த இந்நிலம் 1984 பெப்ரவரியில் தனி மாவட்டமாயிற்று.

2008, 2009ஆம் ஆண்டுகளில் போரினால் ஊரே பெயர்ந்தபோது, நெல்லும் மாடும் மட்டுமா போயின? பலரது பெர்மிற்றும் போயிற்று. திரும்பி வந்தோர் தம் காணி தமதென்று மீண்டும் மெய்ப்பிக்க வேண்டியதாயிற்று. மகனுக்குப் பின்னரே மகள் என்ற வரிசை, 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் நீங்கியது. முதற் குடியேற்றக்காரரின் பெண்மக்களுள் அதைக் காண இருந்தவர் சிலரே.