லேசரால் ஆகாத வேலை

அன்றைக்குக் காவலூர் வானாய்வகத்தில் நட்சத்திரத்தைப் பிடித்து நிறுத்தியது கண்ணும் கையும்தான். வானியலாளர் வைணு பாப்பு 1968-இல் 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே ஜவ்வாது மலையில் கடை விரித்தார். 1972-இல் ஒரு மீட்டர் ஜெய்ஸ் தொலைநோக்கி வந்தது. நீண்ட நேரம் ஒளித்தகட்டில் பதிய வேண்டுமென்றால், குறுக்குக் கம்பியில் நட்சத்திரத்தை வைத்துக் கண் எடுக்காமல் பார்க்க வேண்டும். நகர்ந்தால் பொத்தானை அழுத்தி இழுத்து வர வேண்டும். அப்படித் திருத்த முடிந்தது கருவியின் சறுக்கலை மட்டுமே. தலைக்கு மேலே காற்று ஆட்டும் ஆட்டத்துக்கு மருந்தே கிடையாது.

1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கும் முன்பே அந்த நட்சத்திரத்தின் ஒளி மங்கியது காவலூரிலும் பதிவானது. அந்தக் கோளுக்கு வளையம் உண்டென்று தெரியவந்தது அப்போதுதான். இதற்கு ஒளியின் ஏற்ற இறக்கத்தை அளந்தால் போதும், படம் கூர்மையாக இருக்கத் தேவையில்லை. காவலூருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அப்படிப்பட்ட வேலை என்பது தற்செயல் இல்லை என்றே நினைக்கிறேன்.

அந்தப் பதிவை முன்னின்று செய்த ஜே.சி. பட்டாச்சார்யாவின் பெயரில் 2014-இல் 1.3 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அதைக் கொண்டு இந்திய வானியற்பியல் நிறுவனத்தார் காற்றையே அளந்தார்கள். அந்தக் கண்ணாடி 0.12 ஆர்க் செகண்ட் கோணம் வரை பிரித்துக் காட்ட வல்லது. காற்று அதை 1.85-க்குத் தள்ளிவிடுகிறது. காற்றின் நிலை மாறாமல் இருப்பதோ சராசரியாக 2.4 மில்லி விநாடி. எந்த விரலும் அந்த வேகத்தில் பொத்தானை அழுத்தாது. எனவே அந்தத் தொலைநோக்கியில் ஒரு சிறு கண்ணாடி சாய்ந்து சாய்ந்து நட்சத்திரத்தை நடுவில் நிறுத்துகிறது. எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை வேகக் கேமரா சொல்கிறது.

வெளிநாட்டுப் பெரிய தொலைநோக்கிகள் இதைத் தாண்டிப் போய்விட்டன. 589 நானோமீட்டர் மஞ்சள் லேசரை வானில் செலுத்தினால், விண்கற்கள் எரிந்து சுமார் 90 கிலோமீட்டர் உயரத்தில் விட்டுச்சென்ற சோடியம் அணுக்கள் ஒளிரும். அந்தப் பொய் நட்சத்திரத்தைப் பார்த்துக் காற்றின் நெளிவைக் கணக்கிட்டு, வளையும் கண்ணாடியால் நிமிர்த்துகிறார்கள். ஆனால் மேலே போகும் ஒளி ஆடுகிறது, திரும்பும்போதும் அதே காற்றில் ஆடுகிறது; இரண்டும் கழிந்துபோவதால், படம் மொத்தமாக எந்தப் பக்கம் நகர்ந்தது என்று லேசருக்குத் தெரியாது. அந்த ஒரு திருத்தத்துக்கு, மங்கலானதாக இருந்தாலும், பக்கத்தில் நிஜ நட்சத்திரம் ஒன்று வேண்டும்.

காவலூரின் சிறு கண்ணாடி செய்வதும் அந்த ஒரு திருத்தத்தைத்தான். இந்தியா பங்கேற்கும் முப்பது மீட்டர் தொலைநோக்கியின் வடிவமைப்பில் ஆறு சோடியம் லேசர்கள் இருக்கின்றன. அவற்றோடு நிஜ நட்சத்திரங்களைப் பின்தொடரும் உணரிகளும் இருக்கின்றன.