முடிக்காமல் விட்ட சிரிப்பு

மின்னஞ்சல் வைத்திருக்கும் எவருக்கும் 'ஸ்பேம்' என்ற சொல்லை அறிமுகம் செய்துவைக்க வேண்டியதில்லை. வாங்காத லாட்டரிச் சீட்டுக்குக் கோடி ரூபாய் விழுந்திருப்பதாகவும், கேட்காமலே கடன் தரத் தயாராயிருப்பதாகவும் நாள்தோறும் வந்து குவியும் கடிதங்களை ஒதுக்கிவைக்கும் அந்தக் குப்பைக்கூடைக்கு இப்பெயர் எப்படி வாய்த்தது என்று விசாரித்துக்கொண்டே போனால், ஏதேனும் ஒரு விஞ்ஞானியின் ஆராய்ச்சிசாலையில் போய் நிற்போம் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். போய் நிற்கும் இடமோ, 1970-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பி.பி.சி. தொலைக்காட்சியில் காட்டப்பட்ட ஒரு சாதாரணச் சாப்பாட்டுக் கடை.

ஸ்பேம் என்பது 1937-இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த, தகரடப்பியில் அடைத்த பன்றி இறைச்சி. இரண்டாம் உலக யுத்த காலத்தில் நல்ல மாமிசத்துக்கு ரேஷன் விதித்திருந்த பிரிட்டனில் ஜனங்கள் அதைத் தின்று தின்று அலுத்துப்போயிருந்தார்கள். அந்த அலுப்பை நன்கறிந்த தலைமுறைக்காக எழுதப்பட்ட விகடக் காட்சி அது. ஒரு தம்பதி கடைக்குள் வருகிறார்கள். பரிமாறும் அம்மாள் பதார்த்தங்களை ஒப்பிக்கிறாள். எதைச் சொன்னாலும் அதில் ஸ்பேம் இருக்கிறது. சிலவற்றில் ஸ்பேமோடு இன்னும் கொஞ்சம் ஸ்பேம் இருக்கிறது. எனக்கு அது வேண்டவே வேண்டாம் என்று மனைவி மன்றாட, பக்கத்து மேஜைகளில், ஏன் வந்தார்கள் எப்படி வந்தார்கள் என்ற விளக்கம் ஏதுமின்றி உட்கார்ந்திருக்கும் வைக்கிங் கடற்கொள்ளைக்காரர்கள் அந்த ஒரே சொல்லைப் பாட்டாகப் பாடத் தொடங்கி, மற்றவர் பேச்சனைத்தையும் மூழ்கடித்துவிடுகிறார்கள். பிற்காலத்தில் கணினி வழியே அளவளாவிக்கொண்டிருந்தவர்கள், ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பக் கொட்டிப் பிறர் சம்பாஷணையை அமுக்கிய ஆசாமிகளைக் கண்டபோது, அவர்களுக்கு அந்த வைக்கிங் கோஷ்டியின் ஞாபகம் வந்தது. பெயர் ஒட்டிக்கொண்டது.

அந்தக் காட்சியைத் தயாரித்த குழு மான்டி பைத்தான். அப்படியொரு மனிதர் கிடையாது. வேடிக்கைக்காகச் சூட்டிய பெயர். கேம்பிரிட்ஜில் படித்த ஜான் கிளீஸ், கிரஹாம் சாப்மன், எரிக் ஐடில் ஆகிய மூவரும், ஆக்ஸ்ஃபோர்டில் படித்த டெர்ரி ஜோன்ஸ், மைக்கேல் பேலின் ஆகிய இருவரும், அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்த சித்திரக்காரர் டெர்ரி கில்லியமும் கூடி, 'மான்டி பைத்தானின் பறக்கும் சர்க்கஸ்' என்ற தொடரை 1969 அக்டோபர் 5-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை இரவு தொடங்கினார்கள். 1974 முடிய நாற்பத்தைந்து பகுதிகள் வந்தன. கடைசி வரிசையில் கிளீஸ் நடிக்கவில்லை.

இவர்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1951 முதல் 1960 வரை பி.பி.சி. வானொலியைக் குலுங்கவைத்த 'கூன் ஷோ'வை எழுதிய ஸ்பைக் மில்லிகன், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்திலிருந்த ஒருவரின் மகனாக 1918-இல் நம் நாட்டு அகமதுநகரில் பிறந்தவர். தர்க்கத்தைத் தலைகீழாக்கும் ஹாஸ்யத்துக்கு அவரே வழிவெட்டியவர். 1969-லேயே அவர் தொலைக்காட்சியில் தொடங்கிய ஒரு தொடரைப் பார்த்து, தாங்கள் செய்ய நினைத்ததை அவர் முந்திக்கொண்டு செய்துவிட்டாரே என்று திகைத்ததை டெர்ரி ஜோன்ஸே பின்னாளில் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

அப்படி அவர்கள் செய்ய நினைத்ததுதான் என்ன? மேடை விகடத்தில் நெடுங்காலமாக ஒரு சம்பிரதாயம் இருந்துவந்தது: காட்சி எவ்வளவு சுவையாக நடந்தாலும், கடைசியில் ஒரு வாக்கியம் முத்தாய்ப்பாக வந்து விழ வேண்டும், சபையினர் கொல்லென்று சிரிக்க வேண்டும், விளக்கு அணைய வேண்டும். அந்தக் கடைசி வாக்கியம் சப்பென்று போய்விட்டால், அதற்கு முன்பிருந்த ஐந்து நிமிஷச் சிரிப்பும் அதனுடன் சேர்ந்து வீணாகிவிடும். பைத்தான் குழுவினர் இந்த நிர்ப்பந்தத்தையே தூக்கியெறிந்தார்கள். காட்சி களைகட்டிக்கொண்டிருக்கும்போதே விறைப்பான ராணுவ அதிகாரி ஒருவர் குறுக்கே வந்து, இது மிகவும் அசட்டுத்தனமாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று கண்டித்து நிறுத்திவிடுவார். அல்லது கவச உடையணிந்த வீரன் ஒருவன் வந்து, இறகு பிடுங்கிய கோழியால் பேசிக்கொண்டிருப்பவர் மண்டையில் ஒன்று போட்டுவிட்டுப் போவான். அல்லது பதினாறு டன் எடைக்கல் மேலிருந்து விழும். இவற்றுக்கிடையே கில்லியமின் வெட்டி ஒட்டிய சித்திரங்கள் ஓடி, ஒரு காட்சியின் வாலை இன்னொன்றின் தலையோடு முடிச்சுப் போடும். தொடக்க இசையின் முடிவில் பூதாகாரமாக இறங்கி எல்லாவற்றையும் நசுக்கும் அந்தப் பாதம் கில்லியம் தாமே வரைந்ததன்று. லண்டன் தேசிய ஓவியக் கூடத்தில் தொங்கும், பதினாறாம் நூற்றாண்டு இத்தாலிய ஓவியர் பிரான்சினோ தீட்டிய மன்மதனுடைய வலப் பாதம் அது.

முடிவில்லாத விகடம், முடிவில்லாததனாலேயே, தொலைக்காட்சிப் பெட்டியை அணைத்த பிறகும் ஓயாமல் வீதிக்கு வந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இவர்களுடைய அபத்தம் கண்டதைப் பிதற்றும் அபத்தமன்று. செத்த கிளிக் காட்சியையே பாருங்கள். தம்முடைய காரில் என்ன பழுதைச் சொன்னாலும் அப்படியெல்லாம் ஒன்றுமில்லை என்று சாதித்த ஒரு வியாபாரியைப் பற்றி பேலின் சொன்ன அனுபவத்திலிருந்து பிறந்தது அது. முதலில் காரை வைத்தே அதை ஒரு நாடகமாகப் போட்டார்கள். பிறகு கிளீசும் சாப்மனும் அதைத் திருத்தியெழுதும்போது கார் கிளியாயிற்று. அவ்வளவுதான் மாற்றம். கிளி செத்துவிட்டது என்கிறார் வாங்கியவர். இல்லை, அது ஓய்வெடுக்கிறது என்கிறார் கடைக்காரர். இருவர் பேச்சும் தர்க்கம் வழுவாமல், மரியாதை குறையாமல், வழக்காடு மன்றத்தின் கட்டுக்கோப்போடு நடக்கிறது. கூண்டிலிருக்கும் பொருள் மட்டும்தான் மாறியிருக்கிறது. கண்ணெதிரே கிடக்கும் பிணத்தை உயிருள்ளது என்று சாதிக்கும் மனிதர்கள் எந்தக் காரியாலயத்தில், எந்தக் கட்சியில் இல்லை?

அரசியல்வாதிகள் அந்தக் கிளியை விட்டுவைக்கவில்லை. 1990 அக்டோபரில் கன்சர்வேட்டிவ் கட்சியின் மாநாட்டில் பேசிய பிரதம மந்திரி மார்கரெட் தாட்சர், பறவையைச் சின்னமாக வரித்திருந்த லிபரல் டெமாக்ரட் கட்சியைச் செத்த கிளி என்று பரிகசித்து, அந்தக் காட்சியின் வசனத்தை வரிசையாக ஒப்பித்துக் கரகோஷம் பெற்றார். அம்மையாருக்கு ஹாஸ்யத்தில் அவ்வளவாகப் பரிச்சயம் இல்லை. எழுதிக் கொடுத்தவர்களிடம், இந்த மான்டி பைத்தான் நம்மவர்தானா என்று அவர் விசாரித்ததாக ஒரு கதை உலவுகிறது. கதை கிடக்கட்டும்; ஒரு வாரம் ஆவதற்குள் ஈஸ்ட்போர்ன் இடைத்தேர்தலில் அந்தச் செத்த கிளி கன்சர்வேட்டிவ் கட்சியைத் தோற்கடித்தது. அடுத்த மாதமே தாட்சர் பதவியிலிருந்து விலகினார்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைகள் பாடநூலில் காணும் பைத்தான் மொழிக்கும் மலைப்பாம்புக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. நெதர்லாந்துக்காரரான கைடோ வான் ரோசம் 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் அந்த மொழியை எழுதத் தொடங்கிய சமயம், பறக்கும் சர்க்கஸின் நாடகப் பிரதிகளைப் படித்துக்கொண்டிருந்தார், சுருக்கமாகவும் சற்றே மர்மமாகவும் ஒரு பெயர் தேவைப்பட்டது, வைத்துவிட்டார். அதன் வழிகாட்டி நூல்களில் உதாரணத்துக்கு ஒரு பெயர் வேண்டுமானால் ஸ்பேமும் முட்டையும் வந்து நிற்கின்றன. உலகெங்குமுள்ளவர்கள் எழுதிய பைத்தான் நிரல்களைச் சேமித்துவைக்கும் களஞ்சியத்துக்குப் பாலாடைக்கட்டிக் கடை என்ற செல்லப்பெயர் இருந்தது. இக்குழுவின் அப்பெயருள்ள காட்சியில் வருவது, பாலாடைக்கட்டியே இல்லாத கடை.

இக்குழுவின் திரைப்படங்களில் மிகப் பெரும் சர்ச்சைக்கு உள்ளானது 1979-இல் வந்த 'லைஃப் ஆஃப் பிரையன்'. ஏசுநாதர் பிறந்த அன்றே அடுத்த தொழுவத்தில் பிறந்து, தவறுதலாக ரட்சகனாகக் கொண்டாடப்படும் ஓர் அப்பாவியின் கதை. படப்பிடிப்புக்குச் சற்று முன்பு முதலீடு செய்ய வேண்டிய கம்பெனி பின்வாங்கிவிட, பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஜார்ஜ் ஹாரிஸன் தம் வீட்டை அடமானம் வைத்துப் பணம் கொடுத்தார். காரணம் கேட்டால், அந்தப் படத்தைப் பார்க்க ஆசைப்பட்டதாகச் சொன்னார். நார்வேயில் படத்துக்குத் தடை விதித்தார்கள். உடனே சுவீடனில், நார்வேயே தடைசெய்யும் அளவுக்குச் சிரிப்பான படம் என்று விளம்பரம் செய்தார்கள்! சிலுவைகளில் அறையப்பட்டவர்கள் எல்லாவற்றிலும் நல்லதையே பார் என்று சீழ்க்கையடித்துப் பாடும் அதன் இறுதிப் பாட்டு, பலருடைய மனத்தைப் புண்படுத்தியது மெய்யே. ஆனால் 1982-இல் ஃபாக்லாந்து யுத்தத்தில் ஏவுகணை தாக்கிய 'ஷெஃபீல்டு' போர்க்கப்பலின் மாலுமிகள், மீட்க வருவோருக்காகக் காத்திருந்த வேளையில் பாடியதும் அந்தப் பாட்டைத்தான். தொடரின் இருபதாம் ஆண்டு நிறைவுக்கு முதல் நாள், 1989 அக்டோபர் 4-இல், சாப்மன் காலமானார். அவருடைய நினைவுக் கூட்டத்தில் நண்பர்கள் பாடியதும் அதுவே. இன்று பிரிட்டனில் சாவு வீடுகளிலும், தோற்றுக்கொண்டிருக்கும் கால்பந்துக் குழுவின் ரசிகர்களிடையிலும் அது சகஜமாகிவிட்டது.

எல்லாமே மணியானவை என்று சொல்ல மாட்டேன். நாற்பத்தைந்து பகுதிகளையும் வரிசையாகப் பார்க்க உட்கார்ந்தால் கொட்டாவி வரும் இடங்கள் ஏராளம். ஆண்களே பெண்வேடம் கட்டிக் கீச்சுக்குரலில் கத்தும் கட்டங்கள் சீக்கிரம் சலிக்கின்றன. பிறநாட்டாரையும் பிற நிறத்தாரையும் பற்றிய சில பரிகாசங்கள் இன்று முகம் சுளிக்கவைக்கின்றன. இந்த ரக ஹாஸ்யத்துக்கு 'பைத்தனெஸ்க்' என்று ஒரு சொல்லே ஆங்கில அகராதியில் ஏறியபோது ஜோன்ஸ் மகிழவில்லை. எந்த வகையிலும் அடங்காத ஒன்றைச் செய்ய முயன்றோம், அதற்கே ஒரு வகைப்பெயர் வந்துவிட்டதென்றால் தோற்றுவிட்டோம் என்பதுதானே பொருள் என்று வருந்தினார். 2020-இல் அவரும் மறைந்தார்.

1970-இல் வந்த அசட்டு நடை இலாகாக் காட்சியில், நெடிதுயர்ந்த கிளீஸ், தொப்பியும் கைப்பெட்டியுமாக, காலை ஆளுயரத்துக்கு வீசி நடந்து காரியாலயம் போய்ச் சேருகிறார். அங்கே பேலின், தம்முடைய நடையை அபிவிருத்தி செய்துகொள்ள சர்க்கார் மானியம் கேட்டு வருகிறார். அது போதிய அளவுக்கு அசடாக இல்லையே என்று அதிகாரி குறைகூறுகிறார். 2022-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் சிலர் பதின்மூன்று பேரை இந்த இரண்டு மாதிரியாகவும் நடக்கவிட்டு, உடல் செலவிடும் சக்தியை அளந்து, பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலின் கிறிஸ்துமஸ் இதழில் வெளியிட்டார்கள். கிளீஸின் நடைக்குச் சாதாரண நடையைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு சக்தி செலவாயிற்று. தினம் 11 நிமிஷம் அப்படி நடந்தாலே ஒரு வாரத்துக்கு வேண்டிய கடுமையான தேகப்பயிற்சி கிடைத்துவிடுமாம். பேலினின் நடையோ சாதாரண நடையிலிருந்து சொல்லிக்கொள்ளும்படி வேறுபடவில்லை. இலாகா அதிகாரியின் தீர்ப்பு ஐம்பத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஊர்ஜிதமாயிற்று. நடந்தவர்கள் அடிக்கடி வெடித்துச் சிரித்தார்கள் என்பதையும் ஆராய்ச்சியாளர்கள் குறித்திருக்கிறார்கள். எத்தனை நிமிஷம் சிரித்தார்கள் என்பதை மட்டும் அவர்கள் அளக்கவில்லை.