நீரிழிவுக்கு வைட்டமின் மாத்திரை மருந்தாகுமா?

பூம்புகார் மீன்பிடித் துறைமுகத்தில் நிற்கும் படகுகளைக் கூர்ந்து நோக்குங்கள். நங்கூரம், சங்கிலி, ஆணி என இரும்பாலான எதுவும் துருவேறாமல் தப்புவது அரிது. உப்புக் காற்றும் ஈரமும் சேர்ந்திருக்க, இரும்பு ஆக்சிஜனுடன் கூடித் துருவாகிறது. இதைத் தடுக்கவே அதன் மேல் வண்ணம் பூசுகிறோம்.

இதைப் போன்ற ஆக்சிஜனேற்றம் நம் உடலுக்குள்ளும் ஓயாமல் நடைபெறுகிறது. அப்படியானால் உடலுக்கும் ஒரு காப்புப் பூச்சு உண்டா? 'ஆன்டி ஆக்சிடன்ட்' என்ற பெயரில் விற்கும் மாத்திரைகளின் விளம்பரங்கள் 'உண்டு' என்கின்றன. நீரிழிவு உள்ளவர்கள் பலர் இவற்றை நம்பி வாங்குகிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து, 2023-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உள்ளது. ஆகவே இது நம் ஒவ்வொருவர் வீட்டையும் தொடும் கேள்வி.

உடலில் நடப்பது என்ன?

நம் உயிரணுக்களுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவைச் சிறு அடுப்புகள் எனலாம். அங்கே குளுக்கோஸிலிருந்து ஆற்றல் பிறக்கிறது. அப்போது வெளிப்படும் எலெக்ட்ரான்கள் இறுதியில் ஆக்சிஜனைச் சேர, நீர் உண்டாகிறது. வழியில் சில எலெக்ட்ரான்கள் நழுவி ஆக்சிஜனைப் பற்றிக்கொண்டால் 'சூப்பர் ஆக்சைடு' பிறக்கும். இணையில்லாத எலெக்ட்ரானைக் கொண்ட இத்தகைய துகள்களுக்குத் 'தனி உறுப்புகள்' என்று பெயர். இவற்றுள் பல, அருகிலுள்ள கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. ஆகியவற்றிலிருந்து எலெக்ட்ரானைப் பறித்துச் சேதம் விளைவிக்கும்.

உடல் இதற்குக் காவல் வைத்திருக்கிறது. சூப்பர் ஆக்சைடை அடக்கும் ஒரு நொதியை அமெரிக்காவின் மெக்கார்டு, ஃப்ரிடோவிச் என்னும் இருவர் 1969-இல் அறிவித்தார்கள். வைட்டமின் சி, வைட்டமின் ஈ ஆகியவையும் இந்தக் காவலுக்குத் துணை நிற்கின்றன.

நீரிழிவில் இரத்தத்தில் சர்க்கரை மிகுவதால் இரத்தக் குழாய்களின் உயிரணுக்களில் தனி உறுப்புகளும் மிகுகின்றன. கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவை நாளடைவில் பழுதுபட இதுவும் ஒரு காரணம்.

சோதனையில் வென்றதா?

காவலர் போதவில்லை என்றால் கூடுதல் காவலரை அனுப்பலாமே! இப்படித்தான் விஞ்ஞானிகளும் எண்ணினார்கள். 'ஹோப்' என்னும் பன்னாட்டு ஆய்வில் நீரிழிவு உள்ள 3,654 பேர் இருந்தார்கள். ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் 400 அலகு வைட்டமின் ஈ. மற்றவர்களுக்கு மருந்தில்லாத வெற்று மாத்திரை. சுமார் நாலரை ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, மாரடைப்பும் சிறுநீரகக் கோளாறும் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவில்தான் இருந்தன.

உடலின் காப்பு நொதிகள் சிலவற்றில் செலினியம் என்னும் தனிமம் இருக்கிறது. அமெரிக்காவில் அதை மாத்திரையாக நெடுங்காலம் உட்கொண்டவர்களிடம், நீரிழிவு குறையவில்லை; அதிகமாகவே தோன்றியது என 2007-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

எல்லாமே தோல்வி என்றும் சொல்ல முடியாது. 1995-இல் வெளியான ஜெர்மானிய ஆய்வு ஒன்றில், ஆல்ஃபா லிப்போயிக் அமிலத்தை மூன்று வாரம் இரத்தக் குழாய் வழியே ஏற்றியபோது நீரிழிவாளர்களின் கால் எரிச்சலும் மரத்துப்போதலும் தணிந்தன. ஆனால் அது தொல்லையைத் தணித்ததே அன்றி, நீரிழிவை நீக்கவில்லை.

ஏன் இப்படி?

இரும்பு தன்னைத் தானே காத்துக்கொள்ளக் கற்பதில்லை, உடல் கற்கிறது. இங்கேதான் துரு உவமை நம்மைக் கைவிடுகிறது. நாம் வேகமாக நடக்கும்போது தசைகளில் தனி உறுப்புகள் சற்று மிகும். அதுவே ஓர் எச்சரிக்கை மணி. அதைக் கேட்டு உடல் தன் காவலைப் பலப்படுத்துகிறது. இன்சுலினுக்கும் நன்கு இணங்குகிறது. 2009-இல் ஜெர்மனியில் இளைஞர்களை நான்கு வாரம் உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். வைட்டமின் சி, ஈ மாத்திரைகளை உட்கொண்டவர்களுக்கு இந்த நன்மை கிட்டவில்லை. மாத்திரை, மணியின் நாவைக் கட்டிவிட்டது!

சென்னை காட்டிய வழி

நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைச் சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். முடிவு 2006-இல் வெளியாயிற்று. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினர் நீரிழிவாளர் ஆனார்கள். நடைப்பயிற்சியும் உணவு ஒழுங்கும் மேற்கொண்டவர்களில் இது 39 சதவீதமாகக் குறைந்தது.

சமைக்கும் முறைக்கும் இதில் பங்குண்டு. எண்ணெயில் பொரிக்கும்போதும் அனலில் சுடும்போதும் சர்க்கரையும் புரதமும் பிணைந்து சில கூட்டுப்பொருள்கள் உண்டாகின்றன. இவை உடலில் ஆக்சிஜனேற்றச் சேதத்தைத் தூண்டுபவை. பருமனான 38 பேரிடம் 12 வாரம் நடத்திய சென்னை ஆய்வு ஒன்று 2024-இல் வெளிவந்தது. அதில் இவை குறைவான உணவை உண்டவர்களின் உடல் இன்சுலினுக்குக் கூடுதலாக இணங்கியது. ஆகவே பூம்புகார் மீனை வறுப்பதைவிடக் குழம்பில் இடுவது நல்லது.

காவிரிக் கரையின் மாப்பிள்ளைச் சம்பா போன்ற சிவப்பரிசியின் தவிட்டில் வைட்டமின் ஈ உண்டு; நன்கு தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். ஆனால் சிவப்பரிசியும் மாவுப்பொருளே. அளவு மீறினால் சர்க்கரையை ஏற்றும். சோற்றைக் குறைத்து முருங்கைக்கீரை, காய்கறி, பயறு ஆகியவற்றைத் தட்டில் கூட்டுவதே அறிவுடைமை.

நண்பர்களே! உங்கள் வீட்டில் தாத்தாவோ பாட்டியோ நீரிழிவு மருந்தை நிறுத்திவிட்டு ஆன்டி ஆக்சிடன்ட் மாத்திரைக்கு மாற எண்ணினால், இந்தச் செய்திகளை எடுத்துச் சொல்லுங்கள். மருத்துவரைக் கேளாமல் எந்த மருந்தையும் நிறுத்தக் கூடாது. இன்னொன்று: வைட்டமின் சி அளவு மீறினால் சில குளுக்கோமீட்டர்கள் சர்க்கரையைத் தவறாகக் காட்டும். எனவே என்னென்ன மாத்திரை உட்கொள்கிறார்கள் என்பதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மாலையில் அவர்களோடு அரைமணி நேரம் நடந்து வாருங்கள். அதற்குச் செலவு இல்லை. பலன் இருவருக்கும் உண்டு.