குளிருக்கு அஞ்சி ஜன்னலை அடைக்காதீர்!
டில்லி வாழ் தமிழர்களுக்குச் சில யோசனைகள்

டில்லியில் குளிர்காலம் பிறந்துவிட்டது என்பதைத் தமிழர்களுக்கு வானிலை அறிக்கை சொல்ல வேண்டியதில்லை. தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாகிவிடும். இட்லி மாவு மறுநாள் ஆனாலும் பொங்காது.

சென்னையில் மார்கழி விடியற்காலை என்றால் சுமார் 20 டிகிரி இருக்கும். தலையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டால் போதும். டில்லியில் ஜனவரி இரவுகளில் சாதாரணமாகவே 7, 8 டிகிரிக்கு இறங்கிவிடும். 2021ஆம் ஆண்டு புத்தாண்டு தினத்தன்று சப்தர்ஜங் வானிலை நிலையத்தில் 1.1 டிகிரி பதிவாயிற்று.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் இந்தக் குளிரைக் கண்டு மிரண்டுபோவது இயற்கை. கதவு, ஜன்னல்களை அடைத்து, இடுக்குகளில் பழைய துணியைத் திணித்து, அறையின் நடுவே கரி அடுப்பை மூட்டிவிட்டுப் படுத்துவிடுகிறார்கள். குளிரைவிட இதுதான் பெரிய ஆபத்து.

புகையில்லாத நஞ்சு

டில்லிக்காரர்கள் ‘அங்கீட்டி’ என்று சொல்லும் கரி அடுப்பு, நம் ஊர்க் குமுட்டி அடுப்பைப் போன்றதுதான். “புகை அடங்கிக் கங்கு சிவந்துவிட்டது, இனி உள்ளே கொண்டுபோகலாம்” என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. சிவந்த கங்கிலிருந்தும் கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வந்துகொண்டே இருக்கும். அதற்கு நிறமில்லை, மணமில்லை. கண்ணும் எரியாது, இருமலும் வராது.

நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது இரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின். இந்த நஞ்சு, பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் அதிகமான பிடிப்புடன் அதில் ஒட்டிக்கொள்கிறது. மூளைக்கும் இதயத்துக்கும் பிராணவாயு கிடைக்காமல் போகிறது. தூங்குகிறவர் விழிக்காமலேயே மயக்கத்தில் ஆழ்ந்துவிடுவார்.

2024 ஜனவரி நடுவில் டில்லி அலிப்பூர் பகுதியில் கணவன், மனைவி, இரு குழந்தைகள் என்று ஒரே குடும்பத்தைச் சேர்ந்த நால்வர் இப்படித்தான் இறந்தார்கள். மூடிய அறையில் அங்கீட்டி இருந்தது.

அறிகுறி என்ன?

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், கை கால் தளர்ச்சி ஆகியவை முதல் அறிகுறிகள். ஜலதோஷம் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே அறையில் இருக்கும் பலருக்கு ஒரே நேரத்தில் தலை வலித்தால் உடனே சந்தேகப்பட வேண்டும். கதவைத் திறந்து எல்லோரும் வெளியே வந்துவிட வேண்டும். மயங்கியவரைத் திறந்த வெளிக்குத் தூக்கி வந்து, 112 எண்ணை அழைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். தெளிந்துவிட்டாலும் டாக்டரிடம் காட்டுவது அவசியம்.

குளியலறைக்குள் பொருத்திய காஸ் கெய்சரிலிருந்தும் இதே நஞ்சு வரலாம். கெய்சரை வெளியே காற்றோட்டமான இடத்தில் வைத்து, குழாய் வழியே வெந்நீரை உள்ளே கொண்டுவருவதே பத்திரம். வாளியில் கம்பி ஹீட்டர் போடுகிறவர்கள், சுவிட்சை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும்.

அறையை அல்ல, உடம்பை மூடுங்கள்!

நாலைந்து பேர் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் அறையில் ஹீட்டர் வாங்க வசதி இராது. கவலை வேண்டாம். கனமான ஒரு ஸ்வெட்டரைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட இரண்டு மூன்று மெல்லிய உடைகள் சூட்டை நன்றாகப் பிடித்து வைக்கும். தலைக்குக் குல்லாய், காலுக்கு உறை அவசியம். ரஜாயை வாரம் ஒரு நாள் வெயிலில் காய வையுங்கள். தரையில் படுப்பவர்கள் பாய்க்குக் கீழே அட்டைப் பெட்டியைப் பிரித்துப் போட்டால் தரையின் சில்லிப்பு ஏறாது. மின்சார ஹீட்டர் இருந்தால் ரஜாய்க்கு எட்டாத தூரத்தில் வைத்து, தூங்குமுன் அணைத்துவிடுங்கள். ஜன்னலில் நாலு விரல் திறப்பாவது இருக்கட்டும்.

பெரியவர்கள் கவனத்துக்கு

குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. இரத்த அழுத்தம் ஏறுகிறது. மாரடைப்பும் இந்த மாதங்களில்தான் அதிகம். அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஒரு நாளும் விடக் கூடாது. மூடுபனியும் புகையும் கலந்த அதிகாலையில் நடக்கப் போவதைவிட, வெயில் ஏறிய பின் நடப்பது நல்லது. காற்றுத் தரக் குறியீடு 300க்கு மேல் போனால் ஆஸ்துமாக்காரர்கள் வீட்டிலேயே நடக்கலாம்.

மார்கழி பஜனைக்கும், மலை மந்திர் தரிசனத்துக்கும் விடியுமுன் புறப்படுகிறவர்கள் காதையும் மார்பையும் மூடிச் செல்ல வேண்டும். ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கும் வயதானவர்கள், இதயக் கோளாறு உள்ளவர்கள், குருசாமியிடம் சொல்லி வெதுவெதுப்பான நீரில் குளிக்கலாம்.

பண்டிகைச் சாப்பாடு

கிறிஸ்துமஸ் கேக், வைகுண்ட ஏகாதசி, புத்தாண்டு விருந்து, பொங்கல் என்று வரிசையாக வருகின்றன. குளிருக்குப் பசியும் அதிகம், நடையோ குறைவு. சர்க்கரை நோயாளிகள் சர்க்கரைப் பொங்கலை ஒரு கரண்டியோடு நிறுத்திக்கொள்வது நலம். நெல்லிக்காய், கொய்யா, சிவப்புக் கேரட், வெந்தயக் கீரை எல்லாம் இப்போது டில்லிச் சந்தையில் மலிவு. தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடிக்க வேண்டும்.

“ஒரு பெக் போட்டால் உடம்பு சூடாகும்” என்று சிலர் சொல்வார்கள். சூடாவது தோல் மட்டுமே. மது தோலடி இரத்தக் குழாய்களை விரிப்பதால் உள்ளே இருக்கும் சூடு வெளியேறிவிடுகிறது. குடித்துவிட்டுக் குளிரில் வெளியே படுப்பது உயிருக்கே ஆபத்து.

சாதாரண ஜலதோஷத்துக்கு ஆன்டிபயாடிக் மாத்திரை பயன்படாது. மூச்சுத் திணறலோ, மூன்று நாளுக்கு மேல் காய்ச்சலோ இருந்தால் டாக்டரைப் பாருங்கள். முதியவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டு ஆண்டுதோறும் ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளலாம்.

பொங்கலுக்கு ஊர் செல்கிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். மூடுபனியால் வடக்கே ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸோ, கிராண்ட் டிரங்க்கோ, எதில் ஏறினாலும் இரண்டு நாள் மருந்தைக் கூடுதலாகக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகாமல் டில்லியிலேயே இருப்பவர்கள், அக்கம்பக்கத்தில் புதிதாக வந்திருக்கும் நம்மவர்களின் அறையை ஒரு முறை எட்டிப் பாருங்கள். உள்ளே கரி அடுப்பு இருந்தால் வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள். பழைய கம்பளி ஒன்று மிச்சம் இருந்தால் கொடுத்துவிட்டு வாருங்கள்.