வீடு தேடி வரும் கண்ணாடி இழை: வேகம் எவ்வளவு, விலை எவ்வளவு?

1995-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15-ஆம் நாள், விதேஷ் சஞ்சார் நிகம் என்னும் அரசு நிறுவனம் இந்தியப் பொதுமக்களுக்கு முதன்முதலாக இணைய வசதியை வழங்கத் தொடங்கியது. தனிநபர் ஒருவர் 250 மணி நேரம் அதனைப் பயன்படுத்த 5,000 ரூபாய் செலுத்த வேண்டியிருந்தது. தொலைபேசிக் கம்பி வழியே கிடைத்த வேகமோ நொடிக்கு 9.6 கிலோபிட்தான். அரபு நாட்டில் உழைக்கும் தந்தையின் குரல், ஒலிநாடாவில் பதிவாகி, விடுமுறையில் ஊர் திரும்பும் நண்பரின் கைப்பெட்டியில் வந்து சேர்ந்த காலம் அது.

இன்று அதனைப் போல மூவாயிரம் மடங்கு வேகமுள்ள இணைப்பு, மாதம் ஐந்நூறு ரூபாய்க்குள் வீட்டு வாசலுக்கே வருகிறது. மகிழ்ச்சிக்குரிய மாற்றம்தான். ஆயினும், 30, 100, 150, 300 என்று எண்களை அடுக்கிய துண்டுப் பிரசுரம் ஒன்று கையில் திணிக்கப்படும்போது, எதனைத் தேர்ந்தெடுப்பது என்று குடும்பத் தலைவியர் திகைத்து நிற்கின்றனர். ‘பெரிய எண்ணே நல்லது’ என்று விற்பனையாளர் கூறுகிறார். அது உண்மையா? சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

இழை வந்த வரலாறு

பஞ்சாப் மாநிலம் மோகாவில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, ஹெரால்டு ஹாப்கின்ஸ் என்னும் அறிஞருடன் இலண்டனில் ஆய்வு செய்து, கண்ணாடி இழைக் கற்றையின் வழியே உருவத்தை அனுப்பிக் காட்டியது 1954-ஆம் ஆண்டில். மாசு நீங்கிய கண்ணாடியாக இருந்தால் ஒளியின் மூலம் செய்தியை நெடுந்தூரம் அனுப்பலாம் என்று சார்லஸ் காவ் 1966-இல் எடுத்துரைத்தார். அதற்காக 2009-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

பழைய செப்புக் கம்பியில், தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு விலக விலக இணையத்தின் வேகம் குறைந்துகொண்டே போகும். கண்ணாடி இழையிலோ ஒளி சென்று வருவதால், இருபது கிலோமீட்டர் வரையிலும் இக்குறை பெரிதாகத் தோன்றுவதில்லை.

ஆனால், நிலையத்திலிருந்து ஒவ்வொரு வீட்டிற்கும் தனி இழை வருகிறது என்று எண்ணிவிடலாகாது. இங்கு வீட்டு இணைப்புகளுக்குப் பெரிதும் வழங்கும் முறையில், ஓர் இழை தெருவருகே ஒரு பிரிப்பானில் 32 அல்லது 64 கிளைகளாகப் பிரிகிறது. அந்த ஓர் இழையின் மொத்தக் கொள்ளளவு நொடிக்கு ஏறத்தாழ 2,500 மெகாபிட். அறுபத்து நான்கு வீடுகளும் ஒரே நொடியில் முழு வேகத்தையும் கேட்டால், வீட்டிற்கு 39 மெகாபிட்தான் தேறும். அவ்வாறு எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பதில்லை என்பதால்தான் இந்த ஏற்பாடு நடைபெறுகிறது. ‘100 மெகாபிட் வரை’ என்று அச்சிட்டிருக்கும்போது, அந்த ‘வரை’ என்னும் சொல்லுக்குப் பொருள் இதுவே.

விலை இறங்கிய விதம்

2019 செப்டம்பர் 5-ஆம் நாள் ஜியோ நிறுவனம் தன் ஃபைபர் சேவையை வணிக முறையில் தொடங்கியபோது, குறைந்தபட்ச மாதக் கட்டணம் 699 ரூபாய். அதிகபட்சம் 8,499 ரூபாய். மறு ஆண்டு பெருந்தொற்று வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. பாடங்கள் கைப்பேசித் திரைக்கு இடம் பெயர்ந்தன. வீடுகளில் இணையத் தேவை பெருகிய அந்த 2020-இல் நிறுவனங்களுக்கிடையே போட்டி மூண்டது. செப்டம்பரில் ஜியோ 30 மெகாபிட் வேகத்தை 399 ரூபாய்க்கும், ஏர்டெல் 40 மெகாபிட்டை 499 ரூபாய்க்கும் தரத் தொடங்கின. அக்டோபரில் அரசுத் துறையைச் சேர்ந்த பி.எஸ்.என்.எல். 30 மெகாபிட்டை 449 ரூபாய்க்குத் தந்தது. ஓராண்டிற்குள் நுழைவுக் கட்டணம் ஏறத்தாழப் பாதியளவாகச் சரிந்தது.

இந்த விலைகளில் 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. வரி அடங்கவில்லை. 399 என்பது நாம் செலுத்தும்போது 470 ரூபாய் 82 காசாகும். 699 என்பது 824 ரூபாய் 82 காசாகும்.

நம் வீட்டுக் கணக்கு

ஆறு பேர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மாலை ஏழு மணி. பிள்ளைகள் இருவர் காணொளி வகுப்பில் இருக்கின்றனர். ஒருவருக்கு 3 மெகாபிட் என்றால் இருவருக்கும் 6. வரவேற்பறைத் தொலைக்காட்சியில் தெளிவான படம் ஓட 5 போதும். வெளிநாட்டிலிருக்கும் வாப்பாவுடன் உம்மா முகம் பார்த்துப் பேசுகிறார், அதற்கு 3. மூத்த மகன் கைப்பேசியில் ஏதோ பார்க்கிறான். அதற்கும் 3 என்றே வைத்துக்கொள்வோம். மொத்தம் 17 மெகாபிட்! எல்லோரும் ஒருசேரப் பயன்படுத்தும் நெருக்கடியான நேரத்திலும், 30 மெகாபிட் இணைப்பில் மிச்சம் இருக்கிறது.

இக்குடும்பம் 399 ரூபாய்த் திட்டத்தை விட்டு 699 ரூபாய்த் திட்டத்திற்குச் சென்றால், வரியுடன் சேர்த்து ஆண்டுக்கு 4,248 ரூபாய் கூடுதலாகச் செலவாகும். ஒரு பிள்ளையின் பாடநூல், குறிப்பேடு, சீருடைச் செலவை இத்தொகையில் பார்த்துக்கொள்ளலாம். பெரிய கோப்புகளை நாள்தோறும் அனுப்புவோர், வீட்டிலிருந்தே கணினிப் பணி புரிவோர் ஆகியோருக்கு அதிக வேகம் தேவைப்படும். அவர்களுக்கு அது செலவன்று, முதலீடு. மற்றையோருக்கு அது வீண்விரயமே.

‘அளவற்றது’ என்று விளம்பரப்படுத்தப்படும் திட்டங்களுக்கும் ஓர் அளவு உண்டு. பல திட்டங்களில் அது மாதம் 3,300 ஜி.பி. ஆகும். மேற்சொன்ன 5 மெகாபிட் தொலைக்காட்சி ஒரு மணி நேரத்தில் 2.25 ஜி.பி. எடுத்துக்கொள்ளும். அப்படியானால், இரண்டு தொலைக்காட்சிகளை முப்பது நாளும் இரவு பகலாக ஓடவிட்டாலும் அந்த எல்லையைத் தாண்ட இயலாது. எனவே இவ்வெல்லையைக் கண்டு சாதாரணக் குடும்பங்கள் அஞ்ச வேண்டியதில்லை.

வேகம் கூட்டினாலும் தீராத குறைகள்

‘இணைப்பு மெதுவாக இருக்கிறது’ என்று புகார் செய்தால், உயர்ந்த திட்டத்திற்கு மாறும்படி சிலர் ஆலோசனை கூறுவர். மாறுமுன் காரணத்தை ஆராய வேண்டும்.

நடையும் முற்றமும் தடித்த சுவர்களும் கொண்ட நம் பழைய நீண்ட வீடுகளில், முன்கூடத்தில் வைத்த வைஃபை பெட்டியின் அலை பின்கட்டு அடுக்களைவரை எட்டுவதில்லை. 300 மெகாபிட் வாங்கினாலும் இந்நிலை மாறாது. பெட்டியை வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றினால் பெரும்பாலும் தீரும். ஆகவே இழையைப் பொருத்த வரும் பணியாளரிடம், பெட்டி எங்கே அமைய வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நலம்.

அமீரகத்திலிருந்து வாட்ஸ்அப் அழைப்பு வரவில்லையே என்று கவலைப்படுவோரும் உளர். அந்நாட்டின் விதிகளே அதற்குக் காரணம். அங்கு அனுமதிக்கப்பட்ட செயலிகள் வழியாகத்தான் பேச முடியும். நம் வீட்டுத் திட்டத்தை உயர்த்துவதால் பயனில்லை.

பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. வீட்டில் மின்தடை ஏற்பட்டால் இணையமும், அதனோடு சேர்ந்த தொலைபேசியும் நின்றுவிடும். நோயாளிகளும் முதியோரும் உள்ள வீடுகளில் அப்பெட்டியை இன்வெர்ட்டருடன் இணைத்து வைப்பது அவசியம்.

கையொப்பத்திற்கு முன்

ஆண்டுக் கட்டணத்தை முன்கூட்டியே செலுத்தினால் சலுகை உண்டு என்பார்கள். ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்த பிறகே அதுபற்றி முடிவு செய்வது நன்று. பெட்டிக்கு வாங்கும் முன்பணம் திரும்பக் கிடைக்குமா? இடையில் விலகினால் எஞ்சிய தொகை என்னாகும்? மாதம் என்பது 28 நாளா, 30 நாளா? பதிவேற்ற வேகம் எவ்வளவு? சலுகைக் காலம் முடிந்ததும் கட்டணம் எத்தனை? இவ்வைந்து வினாக்களுக்கும் எழுத்தில் விடை பெறுங்கள். திரைப்படச் செயலிகள் ‘இலவசம்’ என்று சேர்த்துத் தரப்படும் திட்டங்களில், அவற்றின் விலையும் பெரும்பாலும் கட்டணத்திற்குள்ளேயே இருக்கிறது. வேண்டாதவர்கள் அவை இல்லாத திட்டத்தைக் கேட்டு வாங்கலாம்.

இழை எட்டாத ஊர்கள்

நகரத்துத் தெருக்களில் மூன்று நிறுவனங்கள் போட்டியிடுகின்றன; வீடுகள் நெருங்கியிராத சிற்றூர்களுக்கோ வருவோர் இல்லை. அங்கு ஓர் இணைப்புக்காக நெடுந்தூரம் இழை இழுக்க வேண்டியிருப்பதால் இலாபம் குறைவு. இக்குறையைப் போக்கவே, இரண்டரை இலட்சம் ஊராட்சிகளை இணைக்கும் திட்டத்திற்கு மத்திய அரசு 2011 அக்டோபரில் ஒப்புதல் தந்தது. பின்னர் அது பாரத்நெட் என்று பெயர் பெற்றது. இரண்டே ஆண்டுகளில் முடியும் என்று கருதப்பட்ட அப்பணி நீண்டுகொண்டே போய், 2023 ஆகஸ்டில் மேலும் 1.39 இலட்சம் கோடி ரூபாய் ஒதுக்க வேண்டியதாயிற்று. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பொறுப்பு மாநில அரசின் தமிழ்நாடு கண்ணாடியிழை வலையமைப்பு நிறுவனத்திடம் உள்ளது. கேரளமோ 2023 ஜூன் 5-இல் கே-ஃபோன் என்னும் சொந்த வலையமைப்பைத் தொடங்கி, ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பை அறிவித்தது.

ஊராட்சி அலுவலகம் வரை இழை வந்தால் மட்டும் போதாது. அங்கிருந்து வீடுகளுக்கும் பள்ளிக்கும் மருத்துவ நிலையத்திற்கும் அது செல்ல வேண்டும். கிராம சபைக் கூட்டத்தில் இதனைக் கேட்கும் உரிமை நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. குடிநீரையும் சாலையையும் கேட்பதுபோல இதனையும் கேட்போம்.

இணைப்பு கிடைத்தவர்கள், அண்டை வீட்டாரின் திட்டத்தைப் பார்த்து அன்று, தம் வீட்டிலுள்ளோரின் தேவையை எண்ணிப் பார்த்து வாங்கட்டும். மாதந்தோறும் மிஞ்சும் முந்நூறு ரூபாயை, ஊரிலிருப்பவர் சேமித்தாலும் கடல் கடந்து உழைப்பவர் சேமித்தாலும், அது குடும்பத்தின் வியர்வையில் விளைந்த பணமன்றோ!